மேலே ஊட்டி, கீழே நடூர்

நவம்பர் 30-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் உக்கடம் பஸ் நிலையத்தில் நாங்கள் எட்டுப் பேர் கூடினோம். வாசிப்பு வட்டம் என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் பெரியகுளத்துக் கரையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசித்துச் சண்டை போடுவதுதான் அந்த வட்டத்தின் வேலை. எட்டில் ஐந்து பேர் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள். மேம்பாலத்துக்காகக் காலனியில் ஒரு பகுதி இடிபட்டபோது வீட்டை இழந்து வேறு இடம் போனவர்கள் இரண்டு பேர். மலைக்குச் சுற்றுலா போவது எங்கள் வழக்கமில்லை. எங்களில் மூன்று பேர் அதுவரை ஊட்டியைப் பார்த்ததே கிடையாது. கோவையிலிருந்து 90 கிலோமீட்டர்கூட இல்லாத ஊர்!

போகக் காரணம் ஒரு மெல்லிய புத்தகம். இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்'. அவர் கோயம்புத்தூரில் படித்தவர் என்பது எங்களில் பலருக்கு அதை வாசிக்கும்வரை தெரியாது. அவர் படித்த இடத்தில் ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே உள்ளே போவார். பிள்ளைகள் எதிர்ப்படாமல் இருக்க, வகுப்பு விட்டதும் வேகமாக வீட்டுக்கு நடப்பார்.

அந்தப் பக்கத்தை வாசித்த அன்று எங்கள் சட்டக் கல்லூரித் தோழர் ஒன்றைச் சொன்னார். முதலாண்டில் யாராவது "எந்த ஏரியா?" என்று கேட்டால் "டவுன்ஹால் பக்கம்" என்றுதான் சொல்வாராம். உக்கடம் என்றால் அடுத்த கேள்வி வரும். உக்கடத்தில் எங்கே? முஸ்லிமா, காலனியா? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் கேட்பவருக்குத் தூக்கம் வராது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஏனென்றால் நாங்கள் எல்லோரும் 'டவுன்ஹால் பக்கம்' வசித்தவர்கள்தான்.

சீனிவாசன் படிப்புக்குப் பிறகு நீலகிரிக்குப் போய், ஐரோப்பியர் நடத்திய வியாபார நிறுவனங்களில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கணக்கராக இருந்தார். அவருடைய தங்கை தனலட்சுமியை மணந்த அயோத்திதாசப் பண்டிதரும் நீலகிரியில் வளர்ந்தவர். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாடு ஊட்டியில்தான் கூடியது. தலித் அரசியலின் முதல் தலைமுறைக்கும் இந்த மலைக்கும் என்ன தொடர்பு? பேசிப் பேசி அலுத்துப்போய், "போய்ப் பார்த்துவிடலாம்" என்று முடிவெடுத்தோம். டிசம்பர் 1 ஊட்டியில். திரும்பும் வழியில் டிசம்பர் 2 மேட்டுப்பாளையம் நடூரில். கோவைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது தேதியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குப் பின்னால் சொல்கிறோம்.

டவுன் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் நிலையம். அங்கிருந்து குன்னூர் பஸ். கல்லாறு தாண்டியதும் பாக்குத் தோப்புகள் முடிந்து மலை எழுந்து நிற்கிறது. நீலகிரியை நாம் மலை என்கிறோம். அது உண்மையில் நாலாபுறமும் சரிந்து விழும் ஒரு பெரிய பாறைத் திட்டு. வடக்கே மோயாறு அதை மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஆழமாக அறுத்துப் பிரிக்கிறது. தெற்கே, நாங்கள் ஏறிய பக்கம், குன்னூர் ஆறு பாறையைக் கிழித்துக்கொண்டு கல்லாறாகக் கீழே வந்து மேட்டுப்பாளையத்தில் பவானியில் சேர்கிறது. சாலையும் ரயிலும் இந்தக் கிழிசலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போகின்றன. ஒரு பக்கம் ஹுலிக்கல் துர்க்கத்தின் செங்குத்துச் சுவர். மறுபக்கம் ஜன்னலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே எங்கள் நர்சிங் தோழிக்குக் குமட்டல். பக்கத்து சீட் அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "மோந்து பாரு கண்ணு, சரியாப் போயிரும்" என்றார். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். விவரமானவர்.

இந்தப் பாதையை யார் போட்டார்கள்? சாலையோரப் பலகைகளில் இதற்குப் பதில் இல்லை. குன்னூருக்கான முதல் மலைப்பாதை 1830-களின் தொடக்கத்தில் மதராஸ் பயோனியர் படையைக் கொண்டு வெட்டப்பட்டது. அந்தப் படை பின்னர் மதராஸ் சாப்பர்ஸோடு இணைக்கப்பட்டது. பறையர்கள் பெருமளவில் சேர்ந்து வேலை பார்த்த படைகள் அவை. ரயில் பின்னால் வந்தது. குன்னூர்வரை 1899, ஊட்டிவரை 1908. ஆல்ப்ஸ் நாட்டுக்காரரான ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த பற்சக்கர முறை. இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து கப்பலேறி வந்தன. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. இன்ஜின் செய்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. 16 சுரங்கங்களைக் குடைந்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

சாலை வருவதற்கு முன்னும் வந்த பின்னும் வெள்ளைக்காரர்கள் இந்த மலைகளுக்கு மனிதத் தோள்களில்தான் ஏறினார்கள். பல்லக்கு, நாற்காலி, தூளி என்று வசதிக்குத் தகுந்த மாதிரி. 1834-இல் மெக்காலே சென்னையிலிருந்து ஊட்டிவரை பல்லக்கில் வந்தார். அவர் வந்தது மைசூர் வழி, இந்த வழியல்ல. மெக்காலே மீது நம் இயக்கங்களில் சிலருக்கு ஒரு கனிவு உண்டு. ஆங்கிலக் கல்வி, எல்லோருக்கும் ஒரே தண்டனைச் சட்டம் என்று காரணம் சொல்வார்கள். எங்களுக்குள்ளும் அந்த வாதம் பஸ்ஸிலேயே தொடங்கி பர்லியாறில் டீ குடிக்கும்வரை நீண்டது. சட்டம் நல்ல சட்டம்தான். அதை எழுதப்போனவர் நூற்றுக்கணக்கான மைல் யாருடைய தோளில் வந்தார் என்பதையும் சேர்த்துப் படிப்போம் என்பதோடு அன்றைக்குச் சமாதானம் ஆனோம்.

குன்னூரில் இறங்கி, பள்ளத்தாக்கின் விளிம்பு வழியாக லாம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் பக்கம் நடந்தோம். சோலைக் காட்டின் ஈரமும் தேயிலையின் பச்சை வாசனையும் மாறி மாறி வரும் பாதை. லாம்ப்ஸ் ராக்கில் காடு சட்டென்று அறுந்து, பல நூறு அடிக்குக் கீழே விழுகிறது. மூடுபனி விலகிய கொஞ்ச நேரத்தில் கோவைச் சமவெளி முழுவதும் தெரிந்தது. எங்கள் ஊரை நாங்கள் இப்படிப் பார்த்ததே இல்லை. யாரும் பேசவில்லை. ஒரு தோழர் மட்டும் "உக்கடம் எங்கடா?" என்று விரலால் தேடினார். வெளுத்த புகை மாதிரி ஒரு பக்கம் காட்டி, "அதுதான்" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அழகாக இருந்தது. எதற்கெடுத்தாலும் அரசியல் பேசும் நாங்கள் அரை மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். மலையைப் பார்த்து வாயடைத்து நிற்பது பணக்காரர்களுக்கு மட்டும் உரிய உணர்ச்சி அல்ல. நம் பிள்ளைகளுக்கு அதற்கான லீவும் பஸ் காசும் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

பெயர்கள்தான் உறுத்தின. பாதை போட வைத்த கேப்டன் லாம்ப் பெயரில் பாறை. மலைச் சாலையை அமைத்த அதிகாரி லா பெயரில் ஒரு அருவி. டால்பின்ஸ் நோஸிலிருந்து எதிரே தெரியும் கேத்தரின் அருவிக்கு, கோத்தகிரியில் காப்பி பயிரிட்ட காக்பர்ன் என்பவரின் மனைவி பெயர். படகர் மொழியில் அந்த நீரோடைக்கு வேறு பெயர் இருக்கிறது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோரின் நிலத்தில் அவர்கள் வைத்த பெயர்களே அழிந்தன என்றால், மூட்டை சுமந்து வந்த நம்மவர் பெயரைக் கேட்கவே வேண்டாம்.

அன்று இரவு தங்க முதலில் ஒரு ஹோம்ஸ்டேயில் போனில் பேசி வைத்திருந்தோம். போய் நின்றதும் ஆதார் கார்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். முகவரிகளைப் படித்தார்கள். உள்ளே போய் வந்து, "புக்கிங் கன்ஃபியூஷன் ஆயிருச்சு" என்றார்கள். வாசலில் வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை. சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, நிரூபிக்க ஒன்றுமில்லை. இதை வாசிக்கும் பலருக்கும் இந்தக் கன்ஃபியூஷன் பழக்கமானதுதான். எங்களில் ஒருவரின் அத்தை பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறார். இருட்டுவதற்குள் அங்கே இறங்கிவிட்டோம்.

இறங்கினோம் என்பது வெறும் வார்த்தை இல்லை. பங்களா மேலே, ஃபேக்டரி அதற்குக் கீழே, லைன் வீடுகள் சரிவின் அடியில், ஓடைக்குப் பக்கத்தில். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் வரிசையாக. ஒரு முன்னறை, ஒரு சமையலறை. எட்டுப் பேருக்கும் அத்தை சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டார். முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர். காலில் அட்டை கடித்த தழும்பு, கையில் தேயிலைக் கறை. காலையில் தோட்டத்தில் காட்டெருமை நின்றால், அது நகரும்வரை காத்திருந்துவிட்டு, அந்த நேரத்துக்கும் சேர்த்து எடை நிரப்ப வேண்டும் என்றார். டால்பின்ஸ் நோஸ் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டோம்.

"எதுக்குத் தம்பி? டிக்கெட் வாங்கி நம்ம வீட்டையே மேல இருந்து பாக்கறதா?"

அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். படுத்த பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. பின்சுவருக்கு அப்பால் மலைச்சரிவு. ஒரு தோழர் மெல்லப் பெட்டிமுடி என்றார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடி. மேலே மலை உடைந்து, பள்ளத்தில் இருந்த நான்கு லயங்களின் மீது இறங்கியது. 70 பேர். பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். இந்தக் கணக்கை அப்போதே பலர் கேட்டார்கள். நீலகிரியிலும் 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மண் சரிவது இயற்கை. சரிவின் அடியில் யார் வீடு இருக்கிறது என்பதை இயற்கை முடிவு செய்வதில்லை.

கொங்குப் பேச்சில் மழைநீர் ஓடும் ஓடையையே பள்ளம் என்போம். சங்கனூர்ப் பள்ளம் மாதிரி. ஊர் மேட்டில், நாம் பள்ளத்தில். மலைக்குப் போனாலும் இதே ஏற்பாடுதான் என்றால், சீனிவாசனுக்கும் அயோத்திதாசருக்கும் இந்த மலை என்ன கொடுத்தது? மறுநாள் ஊட்டியில் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுக்க இதுதான்.

எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம். கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வந்த பிறகு உருவான நகரம் ஊட்டி. அங்கே அக்கிரகாரமும் இல்லை, அதற்கு எதிரே சேரியும் இல்லை. பரம்பரை பரம்பரையாக ஒரு சாதிக்கு எழுதிவைத்த குளமோ கிணறோ இல்லை. நம்மவர் சமையல்காரராக, பட்லராக, படைவீரராக, ஆயாவாக, கணக்கராக வந்தார்கள். மாதம் முடிந்தால் கையில் காசு. அந்தக் காசில் புத்தகம் வாங்கலாம், பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம், கூட்டம் போடலாம். கீழே பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்தவருக்கு இதில் ஒன்றுகூட முடியாது. ஊரை விட்டு வெளியேறியதுதான் முதல் விடுதலை. அம்பேத்கர் பின்னால் கிராமத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் இந்த மனிதர்கள் வாழ்ந்து பார்த்த அனுபவம்.

ஆனால் எல்லா மலையும் ஊட்டி ஆகவில்லை. எங்கள் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி பஸ் ஏறினால் போகும் ஆனைமலையில், கங்காணியின் முன்பணத்தில் சிக்கியவர்கள் ஊரை விட்டு வந்து அதைவிடக் கொடிய அடிமைத்தனத்தில் விழுந்தார்கள். தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அதைத்தான் 'ரெட் டீ' என்று எழுதினார், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. வாசிக்காதவர்கள் 'பரதேசி' படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நகரத்தில் சம்பளமும் தோட்டத்தில் கடனும். ஒரே காலம், ஒரே மக்கள், இரண்டு மலை.

டிசம்பர் 1 காலை, ஊட்டி ஏரிக்கரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு மாநாட்டின் பத்துக் கோரிக்கைகளையும் வாசித்தோம். சுற்றுலாப் பயணிகள் எங்களை ஏதோ ஜெபக் கூட்டம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். 'பறையர்' என்று இழிவாகப் பேசுவோரைத் தண்டிக்கச் சட்டம். கல்வி உதவி. படித்தவர்களுக்கு அரசாங்க வேலை. பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர். கிராமங்களில் முன்சீப் வேலை. சிறைகளில் பறையரை மட்டும் இழிவேலைக்கு ஒதுக்கும் விதியை நீக்குவது. காங்கிரசுக்கும் அனுப்பினார்கள். கடிதம் கிடைத்தது என்பதற்கு மேல் பதில் இல்லை.

சிறை விதியில் எங்கள் சட்டக் கல்லூரித் தோழர் நிறுத்தினார். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துப்புரவு வேலை ஒரு சாதிக்கு, சமையல் இன்னொரு சாதிக்கு என்று அதுவரை அச்சிலேயே இருந்தது. 1891-இல் ஊட்டியில் கேட்டது. 133 ஆண்டுகள். ஐந்து பேரின் அப்பாவோ அம்மாவோ அந்த நேரத்தில் கோவைத் தெருக்களில் துடைப்பத்தோடு நின்றிருப்பார்கள். அவர்கள் இருப்பது சிறையிலும் இல்லை.

டிசம்பர் 2 அதிகாலை இருட்டிலேயே ஊட்டியிலிருந்து கிளம்பினோம். அதே பள்ளத்தாக்கு, இந்த முறை கீழ்நோக்கி. மேட்டுப்பாளையத்தில் இறங்கி நடூர் போனோம். 2019-இல் இதே நாள், விடிவதற்கு முன், கனமழையில் ஏறக்குறைய 20 அடி உயரச் சுற்றுச்சுவர் தாழ்வான பக்கம் இருந்த வீடுகள் மீது விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். பெண்கள், குழந்தைகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அது; அதன் மறுபக்கம் பங்களா. சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று குடியிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று சொல்லி, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடக் கேட்டுத் திரண்டவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்திக் கைது செய்தது. சுவரின் உரிமையாளர் கைதாகி, பின்னர் ஜாமீனில் வந்தார். இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பறிகொடுத்த ஒரு தந்தை அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்தார்.

அஞ்சலி செலுத்த வந்திருந்தவர்களோடு நாங்களும் நின்றோம். பூ வைத்தோம். பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. நின்ற இடத்திலிருந்து திரும்பினால் நீலகிரி தெரிகிறது. முந்தாநாள் நாங்கள் உட்கார்ந்து வாயடைத்துப்போன விளிம்பு அந்தப் பக்கம்தான். அங்கிருந்து பார்த்தபோது உக்கடத்தைத் தேடினோமே, மலைக்கு நேர் அடியில் இருக்கும் நடூரைத் தேட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்த வாரம் எங்கள் பகுதியில் வேலையைத் தொடங்கினோம். வீடுகளுக்கு மேலாகவோ ஒட்டியோ நிற்கும் உயரமான சுவர்கள், அவற்றின் விரிசல், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, சுவர் யாருடையது, அதன் கீழே எத்தனை குடும்பம். டேப்பும் செல்போன் கேமராவும் போதும். இதுவரை ஒன்பது சுவர்கள். இரண்டு மிக மோசம். ஒன்றில் முழங்கை நுழையும் அளவுக்கு விரிசல். மாநகராட்சிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனு தயாராகிறது. ரசீது வாங்காமல் எதையும் கொடுப்பதில்லை என்று முடிவு. மேட்டுப்பாளையம், அன்னூர், பொள்ளாச்சி பக்கம் இருக்கும் மாணவர்கள் உங்கள் தெருவிலும் எடுத்து அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன்னால் வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பெரியகுளத்துக் கரையில்தான் இருப்போம்.